ஓரக்கட்டை வைத்த ரேம்ப்

ராய்ஸ் டாக்கெட்டைப் போல வாயில்லாத மனுஷனை நான் பார்த்ததில்லை. ஹோட்டலில் முட்டை கேட்டவனுக்குப் பன்றிக்கறியைக் கொண்டுவந்து வைத்தாலும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து வருவான். அவன் மனைவி லோரி விட்டுப் போன அன்றைக்கு அவளுடைய பெட்டிகளை இவனே தூக்கி வண்டியில் ஏற்றினான். வழியில் சாயக் கூடாது என்று கயிறு போட்டு இறுக்கியும் கொடுத்தான். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் பொறுக்கவில்லை. "போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்டா" என்று காதோரம் முணுமுணுத்தேன். அவனோ முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நானும் அவனும் சாய்தளம், அதாவது ரேம்ப், கட்டுகிறவர்கள். ஒஹாயோ ஆற்றங்கரையில் எங்கள் பக்கத்து வீடுகளெல்லாம் மேட்டில் ஏறி உட்கார்ந்திருக்கும், வாசலுக்கு ஏழெட்டுப் படி. உள்ளே இருப்பவருக்கு முட்டி போய்விட்டால், பக்கவாதம் வந்துவிட்டால், சக்கர நாற்காலி இறங்குவதற்கு மரத்தில் சாய்தளம் போட்டுக்கொடுக்க நாங்கள் போவோம். ஒரு அடி ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதற்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் விழாமலிருக்க இரண்டு பக்கமும் ஓரக்கட்டை வைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ராய்ஸ் தானே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே உருண்டு வருவான். எங்கேயாவது இடித்தால் மறுபடி கழற்றுவான். அவன் கட்டியதிலிருந்து ஒருவரும் விழுந்ததாகக் கேள்வியில்லை.

இப்படிப்பட்டவன்தான் போன ஜூன் மாதம் என்னிடம் வந்து, பறக்கவிடுகிற ரேம்ப் கட்ட வேண்டும் என்றான்.

"எது பறக்கணும்?"

"லாரி. ரிமோட் லாரி. டெஸ்ஸா வச்சிருக்காளே, அது."

டெஸ்ஸா அவன் மகள். பதின்மூன்று வயது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறு இவனிடம் வருவாள். லோரி இப்போது கிரெய்க் என்பவனோடு இருக்கிறாள். கெட்டவன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படியில்லை. அவனும் டெஸ்ஸாவும் சேர்ந்து குளிர்காலம் முழுக்க அடுப்படி மேசையில் உட்கார்ந்து ஒரு ரிமோட் லாரி செய்தார்கள். பூனை அளவு வண்டி, பூனைத் தலை அளவு சக்கரம். அதை அவர்கள் வீட்டுக்குப் பின்னால் மண்மேடு குவித்து எகிறவிடுவார்கள். இதையெல்லாம் டெஸ்ஸா வந்து சொல்லும்போது ராய்ஸ் "ம்" கொட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுவான்.

இப்போது கிரெய்குக்கு அரிசோனாவில் வேலை கிடைத்திருந்தது. லோரியும் போகிறாள். டெஸ்ஸா போவதா, அப்பாவோடு இங்கேயே இருப்பதா என்று நீதிபதி அவளையே தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதாக ஏற்பாடு. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்னால் இவன் கையில் இருந்தது ஒரே ஒரு சனி ஞாயிறு.

"அங்க மண்மேடு இருக்கு. இங்க என்ன இருக்கு? புல்லு" என்றான். "நான் நல்லதா ஒண்ணு கட்டிட்டேன்னா…"

மிச்சத்தை முழுங்கிவிட்டான். அவன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கிண்டல் வரவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு போனேன்.

வேலை முடிந்து தினமும் சாயங்காலம் அவன் வீட்டுக் கொல்லையில் கூடினோம். சோதித்துப் பார்க்க யாரிடமோ ஒரு பழைய ரிமோட் லாரியை வாங்கி வைத்திருந்தான். முதல் ரேம்ப் கட்டி முடித்ததும் நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

"டேய், இதுல என் பெரியம்மா ஏறிப் போவா, தடியில்லாம."

அவனுக்கே தெரியாமல் கை பழைய சரிவில் கட்டியிருந்தது. லாரி மெதுவாக மேலே போய், விளிம்பில் ஒரு கணம் தயங்கி, பொத்தென்று மறுபக்கம் விழுந்தது. ராய்ஸ் சிரிக்கவில்லை. பலகையைப் பிரித்தான்.

இரண்டாவதைச் செங்குத்தாக வைத்தான். லாரி முழு வேகத்தில் வந்து, தரையும் பலகையும் சேர்கிற மூலையில் மூக்கை இடித்துக்கொண்டு மல்லாந்தது. நேர்ப்பலகை ஆகாது, வளைவு வேண்டும் என்று அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது. நூலின் ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையில் பென்சிலைக் கட்டி, பலகையில் வில்லாகக் கோடு இழுத்து, விலா எலும்பு மாதிரி ஐந்து துண்டு அறுத்தான். மெல்லிய பிளைவுட்டைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, அதன்மேல் வளைத்துத் திருகினோம். இந்தத் தடவை லாரி எகிறியது உண்மைதான். ஆனால் வளைவு கூடிப்போய்விட்டதால் காற்றிலேயே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு மண்டையில் விழுந்தது. மறுபடி பிரி, மறுபடி அறு.

புதன்கிழமை அவன் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை பெருவிரலைச் சுத்தியலால் நசுக்கிக்கொண்டான். போன் வேலை வண்டியிலேயே கிடந்தது. யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. ரம்பம் ஓடும்போது காதில் எதுவும் விழாது, ஓடாதபோது இவன் காதிலேயே எதுவும் விழாது.

"மூக்கு மேல போச்சுன்னா காத்துலயே பிரேக் புடிக்கணுமாம்" என்றான். ராத்திரி வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோ ஏதோ பார்த்திருக்கிறான்.

"காத்துல எதைப் புடிச்சு நிறுத்தும்? மேகத்தையா?"

"சக்கரம் சட்டுன்னு நின்னா மூக்கு எறங்குமாம்யா. விளையாடாத."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அது நடந்தது. லாரி வளைவில் ஏறியது, விளிம்பை விட்டது, தட்டு மாதிரி சமமாக மிதந்து போய் ஆப்பிள் மரத்துக்கு அப்பால் நாலு சக்கரத்திலும் இறங்கியது. நான் தொப்பியைத் தூக்கி எறிந்து கத்தினேன். ராய்ஸ் புல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். சனிக்கிழமை காலையில் நான் போனபோது ரேம்ப் பெயின்ட் அடித்துப் பளபளத்தது. இரண்டு பக்கமும் அடியிலிருந்து விளிம்பு வரைக்கும் அழகாக இழைத்த ஓரக்கட்டை.

"இது எதுக்குடா?"

"ஓரம் சும்மா இருந்துச்சு." கண் சிவந்திருந்தது. "விழுந்துட்டா என்ன பண்றது?"

வாயைத் திறந்தேன். அதற்குள் லோரியின் கார் வந்துவிட்டது. டெஸ்ஸா லாரியைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். போன தடவையைவிட வளர்ந்திருந்தாள். முகம் என்னவோ சரியில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தாள். லோரி இறங்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"இங்க பாரு" என்று ராய்ஸ் கொல்லைக்கு இழுத்துப்போனான்.

டெஸ்ஸா ரேம்ப்பைப் பார்த்தபடியே நின்றாள். "நீயா கட்டினே?"

"ஹார்லன் மாமாவும் நானும்."

"எனக்குச் சம்பந்தமில்ல தாயி" என்றேன். "நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்."

அவள் ஓரக்கட்டையை விரலால் தட்டிப் பார்த்தாள். எதையோ கேட்க வந்தவள் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் இவன் ரத்தம்தானே. லாரியைப் புல்லில் வைத்து, பின்னுக்குப் போய், முழு வேகத்தில் விட்டாள்.

வண்டி நேராகத்தான் வந்தது. வளைவின் பாதியில் ஒரு விரல்கடை வலப்பக்கம் ஒதுங்கியது. ஓரம் சும்மா இருந்திருந்தால் அப்படியே எகிறியிருக்கும். ஓரக்கட்டை முன்சக்கரத்தைக் கவ்விக்கொண்டது. லாரி விளிம்பில் சுழன்று, பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு போய் ஆப்பிள் மரத்தில் மோதிக் கீழே விழுந்தது. சக்கரம் ஒன்று தனியாக வேலி வரைக்கும் உருண்டு போனது.

ராய்ஸ் ஓடினான். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. உடைந்ததை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு மண்டி போட்டான். "சரி பண்ணிடறேன், டெஸ்ஸா. பசை இருக்கு. கவ்வி போட்டு ராத்திரி முழுக்க வச்சா ஒட்டிக்கும். நான் சரி பண்ணிடறேன். நான்தான், இந்தக் கட்டையை, நான்தான்…"

"அப்பா, விடு. இது ஒடையறதுதான் வேலை. சக்கரத்தைப் புடிச்சிருக்கிற கம்பி வேற வாங்கி மாட்டிக்கலாம்."

"நான் இன்னொண்ணு கட்டறேன். நாளைக்குள்ள கட்டிடறேன். இதைவிடப் பெருசா…"

"அப்பா."

"நாளைக்கு, திங்க, ரெண்டு நாள் இருக்கு. செவ்வாய்க்கெழமைக்குள்ள…"

"அப்பா, நேத்தே முடிஞ்சிருச்சு."

ராய்ஸ் தலையைத் தூக்கினான்.

"நீதிபதி அடுத்த வாரம் ஊருக்குப் போறாராம். அதனால நேத்தே வரச் சொல்லிட்டாங்க. உன் வக்கீல் உனக்குப் போன் பண்ணாருல்ல? வியாழக்கெழமையே பண்ணாராம்."

நான் வேலை வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். இந்த மடையன் கோடு இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் பக்கத்தில் நின்று பெரியம்மா கதை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது.

"நீ என்ன சொன்னே?" ராய்ஸ் மண்டி போட்டபடியே கேட்டான்.

டெஸ்ஸா அழ ஆரம்பித்தாள். "அம்மா வர்றியான்னு கேட்டா. கிரெய்க்கூட வர்றியான்னு கேட்டாரு, வரலைன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன்னாரு. நீ ஒருத்தன்தான் எதுவுமே கேக்கல. எத்தனை தடவை வந்தேன்? ஒவ்வொரு தடவையும் நீ கேப்பியான்னு பாத்தேன். நீ பாட்டுக்குப் பாத்திரம் கழுவினே. நீதிபதி கேட்டாருப்பா, உங்கப்பா நீ இருக்கணும்னு நெனைக்கிறாரான்னு."

"நீ என்ன சொன்னே?"

"தெரியலைன்னு சொன்னேன்."

ராய்ஸ் உடைந்த லாரியைப் புல்லில் வைத்தான். எழுந்து, வேலை வண்டிக்குப் போய், போனை எடுத்து எதையோ தேடினான். நசுங்கிய பெருவிரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினான். காதில் வைத்தபடியே எங்கள் பக்கம் நடந்து வந்தான்.

சனிக்கிழமை நீதிமன்றத்தில் யார் இருப்பார்கள்? பதிவு செய்த குரல்தான் பேசியது. அலுவலகம் திங்கட்கிழமை திறக்கும், சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள் என்றது. எனக்கே கேட்டது.

"ஐயா" என்றான் ராய்ஸ். தொண்டையைச் செருமினான். "என் பேரு ராய்ஸ் டாக்கெட். நேத்து என் பொண்ணு வந்தா. டெஸ்ஸா. நான் சொல்லாததால அவ தெரியலைன்னு சொல்லிட்டா. எனக்கு அவ வேணும். நான் எப்பவுமே… அவ போற ஞாயித்துக்கெழமையெல்லாம் நான் அவ ரூம்லதான் படுப்பேன், அந்தச் சின்னக் கட்டில்ல. அவ போகக் கூடாது. போனா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. எனக்கு என் பொண்ணு வேணும்யா, எனக்கு…"

கீச் என்று சத்தம் வந்து அறுந்துவிட்டது. அவ்வளவுதான் நேரம் கொடுப்பார்கள் போலிருக்கிறது. ராய்ஸ் போனைப் பார்த்தான். மறுபடியும் அதே எண்ணை அழுத்தினான். மறுபடியும் அந்தக் குரல், மறுபடியும் திங்கட்கிழமை.

"ஐயா, நான் ராய்ஸ் டாக்கெட்" என்று ஆரம்பித்தவனுக்கு மேலே வரவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், போனைக் காதில் வைத்தபடி மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தான்.

டெஸ்ஸா பக்கத்தில் வந்து அவன் கையிலிருந்து போனை வாங்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நான் டெஸ்ஸா டாக்கெட்" என்றாள். "நேத்து எங்கிட்ட ஒண்ணு கேட்டீங்க, நான் தெரியலைன்னு சொன்னேன். இப்பத் தெரியும். தயவுசெஞ்சு இன்னொரு தடவை கேளுங்க."