மூன்று சன்னதிக்கு மூன்று ஆமணக்கு முத்து

சென்ற வியாழக்கிழமை மத்தியானம். தறியை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கோமதி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அக்கா. ஆடித் தபசுக்காகச் சிவகிரியிலிருந்து வந்திருக்கிற என் மதினி. இரண்டு பேர் முகத்திலும் ஏதோ பெரிய காரியத்தை முடித்துவிட்ட சிரிப்பு.

“என்ன மதினி, விசேஷம்?”

“இவ முட்டுவலிக்கு மருந்து குடுத்தாச்சு தம்பி. இனிமே குதிர மாதிரி ஓடுவா பாருங்க.”

“என்ன மருந்து?”

“முத்துதான். நீங்கதான எழுதியிருந்திய?”

முத்து என்றால் ஆமணக்கு விதை. விளக்கெண்ணெய் ஆட்டுகிற கொட்டை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

ஆமாம்... எழுதியிருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில்தான் எழுதியிருந்தேன். குருவிகுளம் பக்கம் வானம் பார்த்த கரிசலில், பருத்திக்கும் மிளகாய்க்கும் வரப்போரக் காவலாக நிற்கிற ஆமணக்கைப் பற்றி. தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது. சிவந்த தண்டும் விரித்த கை மாதிரி இலையுமாக அது பாட்டுக்கு வளரும். அம்மன் முன்னால் எரிகிற விளக்குக்கும் அதுதான் எண்ணெய், வெடித்த குதிகாலுக்கும் அதுதான், சூட்டு வயிற்றுக்குத் தொப்புளில் வைக்கிற சொட்டும் அதுதான். ‘ஆண்டவன் ஏழைக்கென்று முளைக்கவைத்த மருந்துக்கடை’ என்று கட்டுரையை முடித்திருந்தேன். நாலைந்து பேர் போன் போட்டுப் பாராட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் தலை கனத்துப் போனது — பொய் சொல்வானேன்?

அந்தக் கட்டுரையை மதினி வெட்டிப் பர்ஸில் வைத்திருந்தார்.

சரி, வீட்டில் முத்து எங்கிருந்து வந்தது? அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஆடித் தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் எங்கள் ஊரில் ஆடிச்சுற்று ஆரம்பமாகிவிடும். கோயிலை நூற்றெட்டுச் சுற்று வருவது. அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள். நாம் சுற்றினால் அவள் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று நம்பிக்கை. சிலர் ஒரே நாளில் முடிப்பார்கள். முடியாதவர்கள் தபசு வரைக்கும் தினம் கொஞ்சமாகச் சுற்றுவார்கள்.

நூற்றெட்டை எப்படி எண்ணுவது? அவரவருக்கு ஒரு வழி. தீக்குச்சி, புளியங்கொட்டை, இப்போது செல்போனில்கூட எண்ணுகிறார்கள். கோமதிக்கு ஆமணக்கு முத்து. வழவழவென்று கைக்கு இதமாக இருக்கிறதாம். நூற்றெட்டு முத்தை ஒரு சுருக்குப்பையில் போட்டுக்கொள்வாள். ஒரு சுற்று முடிந்தால் ஒரு முத்து அடுத்த பைக்கு மாறும். வியாழக்கிழமை காலையோடு எண்பத்தொன்று மாறிவிட்டது. பாக்கி இருபத்தேழு. ஆனால் முட்டு வீங்கிக்கொண்டது.

மகளுக்குக் குழந்தை பிறந்ததற்கான நேர்த்திக்கடன் அது. சனிக்கிழமை தபசு. அதற்குள் முடித்தாக வேண்டும்.

“அம்மனச் சுத்தி வந்த முத்து இருக்குல்லா தம்பி? அதவிட மருந்து ஏது? ஓட்ட உரிச்சு, பால்ல போட்டு, மூணு எடுத்துக் குடுத்தேன்.”

“அது என்ன மூணு?”

“நம்ம கோயில்ல சன்னதி எத்தன? சாமிக்கு ஒண்ணு, சங்கரநாராயணருக்கு ஒண்ணு, அம்மனுக்கு ஒண்ணு.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? திட்டினேனா? பதறினேனா? கன்னத்தில் போட்டுக்கொண்டேன். “நல்ல காரியம் மதினி” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டாவது தடவை ரசம்கூட வாங்கிச் சாப்பிட்டேன்.

நாலு மணி இருக்கும். தறிக்கு மதினியிடமிருந்து போன். கோமதி வாந்தி எடுக்கிறாள்.

ஓடினேன். வாந்தி நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பேதியும் ஆரம்பித்துவிட்டது. மதினி தைரியமாகத்தான் இருந்தார்.

“வயித்தக் கழுவுது தம்பி. கெட்டதெல்லாம் வெளிய வருது. வெளக்கெண்ண குடிச்சா வயித்தால போகும்லா, அது மாதிரிதான்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணை ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். அதுவும் வெளியே வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தை வீணாக்கினோம். அவள் கை சில்லிட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஆட்டோ பிடித்தோம்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, சித்த மருத்துவப் பிரிவைப் பூட்டிக்கொண்டு அங்கே பார்க்கிற டாக்டரம்மா வெளியே வந்தார். சின்ன வயதுதான். என் தோள்வலிக்கு அவரிடம்தான் தைலம் வாங்குவேன். பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. நம்ம மருந்து, நம்ம டாக்டர்...

“என்ன சாப்பிட்டாங்க?”

“முத்துதான் டாக்டரம்மா. நம்ம மருந்துதான்.”

அவர் முகம் மாறியது. என்னை விட்டுவிட்டு நேராகக் கோமதியிடம் குனிந்தார்.

“அம்மா, மென்னு சாப்பிட்டீங்களா, முழுசா முழுங்கினீங்களா?”

இது என்ன கேள்வி என்று நான் நினைத்தேன். அந்த நிலையிலும் கோமதிக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அம்மன் பிரசாதத்த மாத்திர மாதிரியா முழுங்குவாவ? நல்லா மென்னுதான் தின்னேன்.”

டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். தன்னுடைய அறைப் பக்கம் திரும்பவுமில்லை. கோமதியின் தோளைப் பிடித்து அவசரப் பிரிவுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த டாக்டரிடம் அவரே விவரம் சொன்னார். மூன்று விதை, மென்றது, சாப்பிட்டு இத்தனை மணி நேரம்... படபடவென்று. ஐந்து நிமிடத்தில் கையில் குளுக்கோஸ் ஏறியது.

வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

“அண்ணாச்சி, ஆமணக்கு விதைக்குள்ள கொடிய நஞ்சு இருக்கு. முழுசா முழுங்கினா பல நேரம் ஓடு உடையாம வெளிய போயிரும். அதுக்காக அதையும் நம்பி வீட்ல உக்காரக் கூடாது. ஓட்ட உரிச்சாலோ மென்னாலோ நஞ்சு இறங்கிரும். இதுக்குன்னு தனியா மாத்து மருந்து கெடையாது. உடம்புல தண்ணி வத்தாம, கிட்னி கெடாமப் பாத்துக்கிடணும். ரெண்டு நாள் தாண்டணும்.”

“எண்ணெய குடிக்கோமே டாக்டரம்மா? வெளக்கேத்துதோமே?”

“எண்ணெய்ல அந்த நஞ்சு வராது. பிழிஞ்ச சக்கையில தங்கிரும். ஆமணக்குப் புண்ணாக்க மாட்டுக்கு வைப்பீங்களா?”

வைக்க மாட்டோம். தெரியும். நன்றாகவே தெரியும். எலுமிச்சை மரத்துக்கு வேரடியில் போடுவோமே தவிர மாடு வாய் வைக்க விட மாட்டோம். மாட்டுக்கு ஆகாது என்று தெரிந்த எனக்கு, மனைவிக்கு ஆகுமா என்று யோசிக்கத் தெரியவில்லை. பாராட்டி எழுதினேனே ஒரு கட்டுரை — அதில் எண்ணெயைச் சொன்னேன், பூஜையைச் சொன்னேன், கொட்டையை வாயில் வைக்கக் கூடாது என்று ஒரு வரி சொன்னேனா?

“சித்த வைத்தியத்துலயும் விதை உண்டுதான்,” என்றார் டாக்டரம்மா. “ஆனா முறையா சுத்தி செஞ்சு, நஞ்ச எடுத்து, அளவு தெரிஞ்சவங்க குடுக்கணும். சுத்தி செய்யாத விதைய நாங்களே தொடமாட்டோம்.”

அந்த ராத்திரியைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிட்னி லேசாகச் சுணங்குகிறது என்றார்கள். சிறுநீர் குறைந்திருக்கிறது. சாயங்காலம் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, தேறாவிட்டால் திருநெல்வேலிக்கு அனுப்பிவிடுவோம் என்றார் வார்டு டாக்டர். சாயங்காலம் வரைக்கும் என்ன செய்வது? நான் பாட்டிலில் விழுகிற சொட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மதினியைக் காணோம். விடிகாலையில் ‘இந்தா வாரேன்’ என்று போனவர். போனும் எடுக்கவில்லை. செய்வதையும் செய்துவிட்டுப் பயந்து ஊருக்கு பஸ் ஏறிவிட்டார் என்று எனக்குள் கோபம் பொங்கியது. கோமதியிடம் சொல்லியும்விட்டேன்.

“ஒங்க அக்கா சிவகிரிக்கே போயிட்டாவ போல.”

“எங்க அக்காவ ஒண்ணும் சொல்லாதிய,” என்றாள், கண்ணைத் திறக்காமல். “இருவத்தேழு பாக்கி கெடக்கே... அத நெனச்சாத்தான் எனக்கு வயித்தக் கலக்குது.”

“வயித்தக் கலக்குதது அது இல்லட்டி.”

சிரித்தாள். அவள் சிரித்து ஒரு நாளாகியிருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு வார்டு வாசலில் மதினி. புடவை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். கட்டில் கம்பியைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

“ஏட்டி... இருவத்தேழையும் சுத்தியாச்சு. ஒம் பேரச் சொல்லித்தான் சுத்துனேன்.”

உடம்புக்கு முடியாதவர்களுக்குப் பதிலாக வீட்டில் ஒருவர் சுற்றுவது உண்டு. அறுபதைத் தாண்டிய மனுஷி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரே மூச்சில் இருபத்தேழு. கோமதி அக்கா கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். மதினி மடியிலிருந்து குங்குமத்தையும் புற்றுமண்ணையும் எடுத்தார். அப்போது எட்டிப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்:

“நெத்தியில தாராளமா வைங்கம்மா. வாய்க்கு இப்ப ஒண்ணும் வேண்டாம்.”

எவ்வளவு பதமாகச் சொன்னார் பாருங்கள். சாமியையும் குறைக்கவில்லை, வைத்தியத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வார்டில் அவருக்கு வேலையே கிடையாது. ஆனாலும் ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். இந்த நோய் தன் அறைக்கு உரியதில்லை என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்து, அடுத்த அறைக்குக் கை பிடித்துக் கூட்டிப் போனாரே... அதுதான் பெரிய படிப்பு என்று எட்டாங்கிளாஸோடு நின்ற எனக்குத் தோன்றுகிறது.

சாயங்காலப் பரிசோதனையில் கிட்னி தேறியிருந்தது. சிறுநீரும் நன்றாகப் போனது. சனிக்கிழமை தபசுக் காட்சி நேரத்தில், ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக வேட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. கோமதி படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கிளம்புகிற நேரத்தில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அப்படியானால் நான் ஆமணக்கைப் புகழ்ந்தது அத்தனையும் தப்பா?

“தப்பே இல்ல அண்ணாச்சி. அதப் போல ஒரு செடி கெடையாது. நீங்க பாதிதான் எழுதுனீங்க. மீதியையும் எழுதுங்க.”

எழுதிவிட்டேன். அவர் சொன்ன வேறு சிலவும் இருக்கின்றன. விளக்கெண்ணெயைக்கூட உள்ளுக்குக் குடிப்பதென்றால் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. கைக்குழந்தைக்கு நாமாக ஊற்றக் கூடாது. என்ன காரணமென்று தெரியாத வயிற்றுவலிக்கு ஆகவே ஆகாது. கொட்டையைப் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்காதீர்கள். யாராவது தின்றுவிட்டால், உடனே ஒன்றும் தெரியாது — சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதனால் நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கைவைத்தியம் வேண்டாம்.

முட்டு வீக்கத்துக்கும் அவரே வழி சொன்னார். ஆமணக்கு இலையில் விளக்கெண்ணெய் தடவி, அனலில் வாட்டி, பொறுக்கிற சூட்டில் முட்டு மேல் வைத்துக் கட்ட வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன்... இரண்டே நாளில் கோமதியின் வீக்கம் பாதியாக இறங்கிவிட்டது. செடியின் மேல் எனக்கிருந்த மரியாதை ஒரு பிடி கூடித்தான் போயிருக்கிறது.

இருபத்தேழு சுற்று சும்மா விடுமா? இப்போது மதினியின் முட்டு பூசணிக்காய் அளவுக்கு வீங்கிக் கிடக்கிறது. நேற்றுச் சாயங்காலம் கோமதியே அடுப்பில் இலையை வாட்டி, தட்டில் வைத்து அக்கா முன்னால் கொண்டுவந்தாள். மதினி இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“தம்பி, இது வெளிய வைக்கதுதான?”

“வெளியதான் மதினி.”

வாயை இறுக்கி மூடிக்கொண்டு, காலை மட்டும் நீட்டினார்.