ஜமுக்காளத்தின் மேல் நின்ற பியானோ

ராஜபாளையம் வீட்டில் நான் படிக்கும் அறைக்கு நேர் மேலே, மத்தியான வேளைகளில் ஒரு சத்தம் வரும். டொக், டொக்டொக், டொக். யாரோ கதவைத் தட்டுவது போலிருக்கும். ஆனால் திறக்கச் சொல்லித் தட்டுகிற தட்டல் அல்ல அது. சில சமயம் வேகமாகப் போகும், சில சமயம் தயங்கி நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். மாடியில் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பியின் மனைவி, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பியானோ வாசித்துக்கொண்டிருப்பாள். டிஜிட்டல் பியானோவில் ஹெட்ஃபோனைச் செருகிவிட்டால் இசை முழுவதும் வாசிப்பவரின் காதுக்குள் போய்விடுகிறது. விரல் அழுத்திய கட்டை அடியில் போய் மோதுகிற சத்தம் மட்டும் வெளியே மிஞ்சுகிறது. பல வருடங்கள் அவளுடைய இசையிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது அந்த மிச்சம் மட்டுமே. அந்த மிச்சமும் எனக்கு அதிகமாகப் பட்டது. ஒருநாள் பீரோவிலிருந்து பழைய ஜமுக்காளம் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அதை நாலாக மடித்து, அந்தப் பியானோ நின்ற ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் விரித்தேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. புத்தகத்தில் விட்ட வரியைத் தேடிப் பிடித்து மேலே படித்தேன்.

அவள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். கல்யாணத்துக்கு முன்பு, அவர்கள் தெருவை ஒட்டிய சிறிய சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவுக்குப் பியானோ வாசித்தவள். அது எப்போதோ யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய மரப் பியானோ. சில கட்டைகள் மழைக்காலத்தில் எழும்பி வராதாம். எந்தக் கட்டை எந்த மாதத்தில் மக்கர் செய்யும் என்று தெரிந்து, அதைத் தொடாமல் தாண்டி வாசிக்கப் பழகியிருந்தாள். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் என் கொழுந்தனும் அவளும் சந்தித்ததும், இரண்டு வீட்டாரும் முகம் சுளித்துப் பிறகு சம்மதித்ததும் வேறு கதை. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் எதையும் கேட்டதில்லை. அடுப்படி மேடையில் காய் நறுக்கி முடித்துவிட்டு, விரல்களால் மேடையின் ஓரத்தில் எதையோ அழுத்திக்கொண்டிருப்பாள். நாங்கள் பார்த்தால் கையை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். அதைக் கவனித்து, “அவளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துருவோம் மதினி, நீங்க பாத்துச் சொல்லுங்க” என்று என்னிடம் வந்து நின்றவன் கொழுந்தன்தான்.

மிக்ஸியானாலும் தண்ணீர் மோட்டாரானாலும், வாங்குவதற்கு முன்பு என்னைக் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கம். கல்லூரி நூலகத்தில் காலை நேர வேலை பார்க்கிறவள், எதையும் படித்துப் பார்த்துச் சொல்வாள் என்ற மரியாதை. அந்த மரியாதை எனக்குப் பிடித்தும் இருந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன், வீடியோக்கள் பார்த்தேன். வீட்டில் வாசிக்கிறவர்களுக்கென்று வருபவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டேன். முதலாவது, விலை குறைந்த கீபோர்டு. அறுபத்தோரு கட்டை, நூற்றுக்கணக்கான வாத்திய ஒலிகள், விரல் பட்டாலே அமிழ்ந்துவிடும் எடையற்ற கட்டைகள். மரப் பியானோவில் பழகிய கைக்கு அது பொம்மை போலிருக்கும். இரண்டாவது, ஒல்லியான பலகை போன்றது. எண்பத்தெட்டுக் கட்டைகளும் உண்டு. நிஜப் பியானோவில் உள்ளதைப் போலவே இடப்பக்கம் கனமாகவும் வலப்பக்கம் போகப் போக லேசாகவும் அழுந்தும். ஆனால் அதன் ஸ்பீக்கர் சின்னது. தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ இருக்கும். சத்தம் மூக்கடைத்தது போல வரும். பெடலும் தரையில் தனியாக வைத்துக்கொள்ளும் ஒற்றைப் பெடல்தான். மூன்றாவது, மர அலமாரி போல நிற்கும் பெரிய பெட்டி. அதே கட்டைகள்தான். ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்கள் பெரியவை. காலடியில் மூன்று பெடல். வாசித்தால் பெட்டி முழுவதும் அதிரும். கட்டையின் கனம் விரலுக்கு, ஸ்பீக்கர் காதுக்கு, பெடல் காலுக்கு. மூன்றில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி என்று அவர்களுக்கு விளக்கமாகச் சொன்னேன். யாருடைய காதுக்கு என்பதை நான் சொல்லவில்லை.

மதுரையில் கடைக்கு நானும் அவளும் போனோம். மூன்றும் வரிசையாக நின்றன. முதல் இரண்டையும் ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தவள், பெரிய பெட்டியின் முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றினாள்.

“எக்கா, செத்த நேரம் இதுல உக்காந்து பாக்கட்டா?”

உட்கார்ந்து வாசித்தாள். என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. சர்ச்சுப் பாட்டாக இருக்கலாம். கடையில் கிதார் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள் திரும்பினார்கள். இடக்கை அழுத்திய கட்டைகளின் அதிர்வு தரை வழியாக என் பாதத்துக்கு வந்தது. வாசித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தபோது அவள் முகத்தில் இருந்ததை அதற்கு முன் எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்: “நம்ம மாடிப்படி திருப்பத்துல இது மாட்டிக்கிடுமேட்டி.”

“அதெல்லாம் கழட்டிக் கொண்டுபோய் மேல வச்சு மாட்டிக் குடுத்துருவோம் மேடம்” என்றார் கடைக்காரர்.

அது காதில் விழாதது போல் இரண்டாவதன் பக்கம் நகர்ந்தேன். ஹெட்ஃபோன் போட்டால் பக்கத்து அறைக்குக் கேட்குமா, கீழ்த்தளத்துக்குக் கேட்குமா என்று விசாரித்தேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். “வாரவுக எல்லாரும் சத்தம் எப்படி வரும்னு கேப்பாக. சத்தம் எப்படி வராதுன்னு கேக்குற மொத ஆளு நீங்கதான் மேடம்.”

“இவ வீட்டுக்காரரு மில்லுல முழு நைட் பாத்துட்டு வந்து பகல்ல தூங்குறவரு” என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். “ஆமாக்கா. அவிய தூக்கம் கெடக்கூடாது. இந்த ஒல்லியானதே போதும்.”

அந்தப் பதிலுக்காக அவளை நான் மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது. விட்டுக்கொடுக்கத் தெரிந்த பெண் என்று நினைத்தேன். கொழுந்தனின் தூக்கத்தைப் பற்றி நான் சொன்னது பொய்யில்லை. அவன் பகலில் தூங்குகிறவன்தான். ஆனால் சத்தம் உனக்கு இடைஞ்சலா என்று அவனிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்பது, அவர்கள் வீடு மாற்றிக்கொண்டு போன அன்று தெரிந்தது.

நைட் ஷிஃப்ட் வேலையை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போனார்கள். அவளுடைய அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு. சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியில் பியானோவின் ஒரு முனையைப் பிடித்து இறங்கிவந்த கொழுந்தன், திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினான். பேச்சுவாக்கில் நான், “இனிமேயாவது ராத்திரியில தூங்குவீங்க. இங்க பகல்ல சத்தம் வராமப் பாத்துக்கிறதே பெரும்பாடா இருந்துச்சு” என்றேன்.

“சத்தமா?” அவன் சிரித்தான். “மதினி, அம்புட்டு மெஷினும் ஓடுற எடத்துல நின்னுட்டு வாரவன் நான். வீடு அமைதியா இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வராது. ஃபேன் நின்னா முழிச்சுக்கிருவேன். தலமாட்டுல மேளம் அடிச்சாலும் தூங்குவேன்.” பிறகு, தோளில் இருந்த சுமையைச் சரிசெய்துகொண்டு சொன்னான்: “இவதான் ரொம்பக் கூச்சம். நான் கேக்கணும்னு எம்புட்டோ ஆசப்பட்டேன். வீட்டுல யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு காதுலயே மாட்டிக்கிட்டா.”

படியின் கீழே நான் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டேன். நூற்பாலைகள் நிறைந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் பஸ்ஸிலும் சந்தைக் கூச்சலிலும் நின்றபடியே தூங்குவதைத் தினமும் பார்த்தவள். பகலில் அவன் தூங்குகிறான், சத்தம் போடாதீர்கள் என்று வீட்டில் எல்லோரையும் அடக்கி வைத்திருந்தவளுக்கு அது தெரியாமல் போயிற்று என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். மத்தியான நேரத்து அமைதி எனக்குத்தான் வேண்டியிருந்தது. புத்தகத்துக்கு வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து சர்ச்சுப் பாட்டு கேட்டால் தெருவில் என்ன பேசுவார்கள் என்ற நினைப்பும் அதன் அடியில் எங்கோ ஒளிந்திருந்திருக்கலாம். கணவனின் தூக்கத்துக்காக என்று அவள் நினைத்தாள், மனைவியின் கூச்சம் என்று அவன் நினைத்தான். இருவருக்கும் நடுவே நான் மட்டும் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் அன்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவள் ஜமுக்காளத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, “எக்கா, இத நான் கொண்டுபோறேன்” என்றபோது, “கொண்டுபோ” என்று மட்டும் சொன்னேன்.

அதற்கப்புறம் நல்லதற்கும் கெட்டதற்கும் போய்வந்துகொண்டுதான் இருந்தோம். அவர்கள் மகள் இப்போது கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறாள், தினமும் காலேஜ் பஸ்ஸில் போய்வருகிறாள். இந்த வருடம் அந்தப் பழைய பியானோவில் சில கட்டைகள் ஊமையாகிவிட்டன. புதிது வாங்கலாம் என்று பேச்சு வந்தது. மறுபடியும் என்னிடம்தான் கேட்டார்கள். “நீங்கதானக்கா அன்னைக்கும் பாத்துச் சொன்னீங்க” என்று அவள் போனில் சொன்னபோது அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுபடியும் படித்தேன். பெரிய பெட்டி வகையில்தான் பார்த்தேன். ஸ்பீக்கர் எந்தப் பக்கம் இருக்கிறது, சன்னமாக வாசித்தாலும் சத்தம் சிதறாமல் வருமா என்றெல்லாம் பார்த்துவைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: “ஹெட்ஃபோன் குத்துற ஓட்டை முன்னாடி இருக்காக்கா, பின்னாடியா?”

“இப்ப எதுக்கு ஹெட்ஃபோன்? வீட்டுல பகல்ல யாரும் இல்லயே.”

“பழகிப்போச்சுக்கா. வெளிய சத்தம் வந்தா யாரோ பின்னாடி நிக்கிற மாதிரி இருக்கு. விரல் தப்பிப்போகுது.”

தனியாக இருக்கும் வீட்டிலும் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பவள் யார் என்று நான் கேட்கவில்லை. ஒரு பாட்டு வாசித்துக் காட்டு என்று மட்டும் கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் அவளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் தயங்கினாள். பிறகு ஹெட்ஃபோனை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டாள். “நீங்க மட்டும் கேளுங்க. எனக்குக் கேக்கலன்னா கூச்சமா இருக்காது.”

கடையில் கேட்ட அதே பாட்டு என்று நினைக்கிறேன். ஊமைக் கட்டைகள் வரும் இடங்களை, சர்ச்சுப் பியானோவில் பழகியதைப் போல, தாண்டித் தாண்டிப் போனாள். இடக்கையில் ஒரே சீரான நடை. அதன் மேல் வலக்கை ஒவ்வொரு வரியின் முடிவிலும் செத்த நேரம் நின்று, யோசித்து, அடுத்த வரிக்கு இறங்கியது. என் தலைக்கு மேல் டொக்கென்று தயங்கித் தொடர்ந்ததெல்லாம் இதுதான் என்று புரிந்தது. நான் எரிச்சலோடு பக்கம் புரட்டிய மத்தியானங்கள் அத்தனையிலும் இது மேலே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

பாதியில் அவள் நிறுத்தினாள். நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன். அவள் ஒரு கட்டையை அழுத்தினாள், டொக். இன்னொன்றை அழுத்தினாள்.

“எக்கா, வெளிய இப்படியா கேக்கும்? மாவு இடிக்கிற மாதிரில்லா இருக்கு!” சிரித்தாள். “இம்புட்டு நாளும் கீழ உங்களுக்கு இதான் கேட்டுச்சா?”

“ஆமா.”

“அடப் பாவமே. சொல்லியிருந்தா மெல்ல வாசிச்சிருப்பேம்லா.”

இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. தூக்கம் கெடும் என்று நான் கடையில் சொன்னது அவள் கணவனுக்காக அல்ல, எனக்காகத்தான் என்று சொன்னேன். எத்தனையோ முறை மனத்துக்குள் கட்டி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை. அவள் வியப்படையவில்லை.

“அவியளுக்கு இடி விழுந்தாலும் தெரியாதுன்னு கட்டிக்கிட்டவ எனக்குத் தெரியாதாக்கா? ஹெட்ஃபோன் யாருக்குன்னு கடையிலயே தெரியும். நீங்க படிக்கிறவுக. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்.”

பிறகு அவள் பார்வை கீழே போனது. ஸ்டாண்டின் அடியில், நாலாக மடித்தபடி, அதே ஜமுக்காளம். கோடுகள் வெளிறி, பெடல் இருக்கும் இடத்தில் மட்டும் நூல் தேய்ந்திருந்தது. அதன் மேல்தான் அவளுடைய வெறும் பாதம் இருந்தது. சிரிப்பு மெல்ல அடங்கியது.

“அப்ப இது, இந்தச் சத்தத்துக்குத்தான் போட்டீங்களா?”

நான் தலையசைத்தேன்.

“மார்கழியில மாடித் தரை சில்லுன்னு இருக்கும். கால் குளிருமேன்னு போட்டீங்கன்னு நெனச்சேன்” என்றாள். “இது ஒண்ணு மட்டும் எனக்குன்னு நெனச்சிருந்தேன்க்கா.”

பெரிய பெட்டிக்கே சொல்லிவிட்டோம். அடுத்த வாரம் வந்து இறங்கும். ஹெட்ஃபோன் ஓட்டை அதில் பின்பக்கம் இருக்கிறது என்றேன், சரி என்றாள். கிளம்பும்போது, ஜமுக்காளத்தை என்னிடம் கொடுத்துவிடு, புதிதின் அடியில் எதையும் விரிக்க வேண்டாம் என்று கேட்டேன். அவள் பாதத்தை எடுக்கவில்லை.

“அது கெடக்கட்டும்க்கா” என்றாள். “இங்கயும் தரை சில்லுன்னுதான் இருக்கு.”