சிரிக்காதீங்கம்மா, கோடு கெடுது

செங்கம் ரோட்டில் எங்களுக்கு ஒரு சின்ன டிபன் கடை. உள்ளே அடுப்பில் என் வீட்டுக்காரர். வெளியே இலை போட்டு, கேட்டதைக் கொண்டுவந்து வைத்து, உள்ளே குரல் கொடுப்பது நான். "ரெண்டு பொங்கல், ஒரு ரவா, ஒரு காபி" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவேன். ஐம்பது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளில் அது முடியாமல் போயிற்று. "ரெண்டு" என்று சொல்லி, சுவரைப் பிடித்து நின்று, அப்புறம்தான் "பொங்கல்" வரும். கால் வீங்கியது. மல்லாந்து படுக்க முடியவில்லை.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதயம் சோர்ந்து பெரிதாகியிருக்கிறது, இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுருங்குவதற்குப் பதில் இடது பக்கம் பின்தங்குகிறது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். பிறகு இரண்டு பக்கத்தையும் கரண்டால் தட்டி ஒன்றாகச் சுருங்கவைக்க, தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்து, அதிலிருந்து மூன்று வயர்களை இதயத்துக்கு விட்டார்கள். ஊருக்குத் திரும்பியதும் இவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "மிஷின் வெச்சாச்சு, இனிமே ஓடுவா பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஓடவில்லை. வீக்கம் கம்மியானது, அவ்வளவுதான். மாதங்கள் போயும், கடைக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது.

அடுத்த முறை பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். "மிஷின் நல்லாத்தான் வேலை செய்யுதும்மா. அது தட்டிவிடற நேரம்தான் உங்க இதயத்துக்கு ஒத்துவரல. மாத்திப் பார்க்கலாம்" என்றார்.

இவர் பதறிப்போய், "மறுபடியும் வெட்டணுங்களா?" என்று கேட்டார்.

"வேணாங்க. வெளியில இருந்தே மாத்திடலாம்."

மார்பிலும் கைகால்களிலும் ஈசிஜி வயர்களை ஒட்டினார்கள். மிஷின் இருந்த இடத்தின் மேல் உள்ளங்கை அளவில் ஒன்றை வைத்து, அதைக் கம்ப்யூட்டரோடு சேர்த்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றுவார், ஈசிஜி காகிதம் வரும், ஸ்கேல் வைத்து அளப்பார். கோடு அகலமாக ஏறி இறங்கினால் இரண்டு பக்கமும் முன்னே பின்னே சுருங்குகிறது, ஒடுக்கமாக இருந்தால் சேர்ந்து சுருங்குகிறது என்று எங்களுக்கும் விளக்கினார். "இப்ப இடது பக்கத்தைக் கொஞ்சம் முன்னாடியே தட்டறேன்." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "இப்ப வயரோட வேற முனையில இருந்து தட்டறேன்."

என் வயிறு துள்ளியது. நாடி அடிக்கும்போதெல்லாம் விக்கல் மாதிரி ஒரு துள்ளல்.

"ஐயோ, வயிறு குதிக்குதுங்க!"

"பயப்படாதீங்க. பக்கத்துல ஓடற நரம்பையும் தட்டிடுச்சு. மாத்திடறேன்" என்றார் டாக்டர்.

அதற்குள் இவர் எட்டிப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, உள்ள தவளைய முழுங்கிட்டியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துள்ளல் நின்ற பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. காகிதத்தில் கோடு கோழி கிளறிய மாதிரி வந்தது.

"சிரிக்காதீங்கம்மா, கோடு கெடுது."

அப்படிச் சொல்லச் சொல்ல இன்னும் ஜாஸ்தியாக வந்தது. டாக்டர் இவரை வெளியே அனுப்பினார். இவர் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்து டாக்டருக்கே சிரிப்பு. கடைசியில் விட்டத்தைப் பார்த்தபடி, வீட்டில் ஊறிக்கிடக்கும் அழுக்குத் துணிகளை நினைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தேன்.

ஒரு காகிதத்தை டாக்டர் திரும்பத் திரும்ப அளந்தார். முகம் மலர்ந்தது. இவரை உள்ளே கூப்பிட்டு, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

இவர் குனிந்து பார்த்து, "பழசு ஊத்தப்பம். இது கோன் தோசைங்க" என்றார்.

"கரெக்ட்" என்றார் டாக்டர். "ஆனா உடம்புக்கு எப்படின்னு போகப்போகத்தான் தெரியும். மாத்திரைய விட்டுடாதீங்க."

சில வாரம் கழித்து ஒரு மதியம். கடையைச் சாத்திவிட்டு மாடியேறிக்கொண்டிருந்தோம். மாவு மிஷின்காரர் அரைத்துத் தராமல் இழுத்தடிப்பதைப் பற்றி இவரிடம் புலம்பிக்கொண்டே வந்தேன். மேலே வந்து சாவியை எடுத்தேன். இவர் இரண்டு படி கீழே நின்றுவிட்டார்.

"நீ எங்கயும் உக்காரலியே?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"இன்னொரு வாட்டி ஏறு, பார்க்கலாம்."

இறங்கி, மறுபடி ஏறினேன். மூச்சு கொஞ்சம் வாங்கியது, ஆனால் நிற்க வேண்டியிருக்கவில்லை. இவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குக் கைகொடுத்தது அன்றைக்குத்தான்.

அடுத்த செக்கப்பில், பெரிதாகியிருந்த இதயம் அளவில் கொஞ்சம் குறைந்து முன்பைவிடப் பலமாக அடிக்கிறது என்றார்கள். அந்த வாரமே கடைக்கு இரண்டு நாள் லீவு விட்டுவிட்டு, கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனோம். அவர்கள் நிலத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வரப்பு நெடுக நடந்து போய் நானும் பெண்களோடு குனிந்தேன். "அடியே, நிழல்ல குந்துடி" என்று அக்கா கத்திக்கொண்டே இருந்தாள். மண்ணை உதறிவிட்டுப் பச்சையாகவே உடைத்துத் தின்றேன். பால் மாதிரி இனித்தது. இவரும் மடி நிறையக் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அளவில்லாமல் தின்றதில் மறுநாள் இரண்டு பேருக்கும் வயிற்றுவலி. அதற்கு நாங்கள் டாக்டரிடம் போகவில்லை. அக்கா மோர் கரைத்துக் கொடுத்தாள்.