வாத்தின் அடியில் சுட்ட முகவரி

என் வீட்டுக்காரருக்கு இணையதளங்களைக் கட்டி மேய்க்கிற வேலை. யாருடைய சர்வர் படுத்தாலும் போன் இவருக்குத்தான் வரும். அதை எழுப்பி உட்காரவைத்த பிறகுதான் சாப்பாடு. கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் எழுதியது சரியென்று நினைத்துவிட்டால் சோதித்துப் பார்க்கிற பொறுமை மட்டும் கிடையாது.

என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, மர பொம்மை செய்கிறவர். ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் அதற்கான இணைய முகவரியைச் சூட்டுக்கம்பியால் எழுதிவிடுவார். அந்தத் தளத்தை இவர் புதிய சர்வருக்கு மாற்றியதில் முகவரிகளெல்லாம் மாறிவிட்டன. பழைய முகவரியைத் தட்டினால் புதிய பக்கத்துக்குக் கொண்டுபோய்விட ஒரு விதி எழுதினார். வினை அங்கேதான். அந்த விதி புதிய முகவரியையும் பழையதென்று நினைத்துத் திருப்பி அனுப்பியது. பக்கம் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பொம்மைக் கடைக்காரர் சரக்கு எடுக்க வருகிறார். முகவரி வேலை செய்யாத பொம்மை வேண்டாமென்று முன்பே கறாராகச் சொல்லியிருந்தார். நாத்தனார் வீட்டில் ஓர் அறை முழுக்க வாத்தும் யானையும் காத்திருந்தன.

அவர் வருகிற அன்று காலையிலேயே இவர் கோளாறைக் கண்டுபிடித்து விதியைத் திருத்தினார். திறந்தால் அதே சுற்று. அழித்தார், எழுதினார், மறுபடி அழித்தார். கடைசியில் காலையில் எழுதிய வரிக்கே வந்து நின்றார். சாப்பாடு ஆறிப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணிக்கு ஒரு போனாவது பண்ணுங்களேன். பாவம், என்ன ஏதுன்னு தெரியாம தவிச்சிட்டிருப்பாங்க."

"என்னன்னு சொல்லச் சொல்றே? என்னால முடியலைன்னா?"

அதற்குள் நாத்தனாரே வந்துவிட்டார். ஒரு கையில் வாத்து, இன்னொரு கையில் இழைப்புளி. தன் போனில் முகவரி திறக்கவில்லையென்று அதைச் சீவ ஆரம்பித்து, மனசு கேட்காமல் பாதியில் கிளம்பியிருக்கிறார். கண் கலங்கியிருந்தது.

"விடுடா தம்பி. எல்லாத்தையும் சீவிட்டு வேற எழுதிக்கறேன். கடைக்காரரை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

எனக்குத் தாங்கவில்லை. எங்கள் அலமாரியிலிருந்த யானையைத் தூக்கி, அடியிலிருந்த முகவரியை என் போனில் தட்டினேன். பக்கம் சமர்த்தாகத் திறந்துகொண்டது.

இவர் தலையில் அடித்துக்கொண்டார். "முதல்ல எழுதின தப்பு விதியை நிரந்தரம்னு எழுதித் தொலைச்சிட்டேன். என் கம்ப்யூட்டரும் அக்கா போனும் அதையே மனப்பாடம் பண்ணிட்டு, சர்வரைக் கேட்காமலே சுத்திட்டிருக்கு."

"அப்போ எப்போலேர்ந்து சரியா இருக்கு?"

"காலையிலேயே சரியாயிடுச்சு."

நாத்தனார் இழைப்புளியை ஓங்கினார். நான்தான் பிடித்து உட்காரவைத்தேன். பிறகு மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சாயங்காலம் கடைக்காரர் தன் போனில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு அத்தனையையும் எடுத்துக்கொண்டார். பாதி சீவிய வாத்து மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. அடியில் அரை முகவரிதான் மிச்சம், தட்டினால் எங்கும் போகாது. இவர் உட்கார்ந்து அதற்கும் ஒரு விதி எழுதினார்.

"இதை யாருங்க தட்டிப் பார்க்கப் போறாங்க?" என்றேன்.

"யாரும் பார்க்காட்டி என்ன. அக்கா கைபட்டது திக்குத் தெரியாம நிக்கக் கூடாது."

எழுதி முடித்ததும் தன் கணினியில் திறக்கவில்லை. என் போனுக்குக் கையை நீட்டினார்.