காலாவதிப் பொட்டலங்களின் செயலாளர்

பசியைப் பற்றி மூன்று கூட்டம் போட்டுப் பேசியவர்கள் நாங்கள். முதல் கூட்டத்தில் பருப்பு வடை, இரண்டாவதில் பழம்பொரி, மூன்றாவதில் யாரோ ஒரு புண்ணியவதி கொடுத்தனுப்பிய நெய்யப்பம். நெய்யப்பத் தட்டு காலியான பிறகு, எங்கள் தெருக்களிலும் பசித்தவர்கள் இருக்கிறார்கள் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு பழைய அறை உண்டு. உடைந்த நாற்காலிகளும் ஓணத்துக்குக் கட்டுகிற சீரியல் பல்புகளும் கிடந்த இடம். அதை ஒழித்து, நான்கு இரும்பு அலமாரி போட்டோம். சனிக்கிழமைதோறும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை, இல்லாதவர்கள் வந்து ஒரு பை சாமான் வாங்கிப் போகலாம். சாமான் எல்லாம் வீடுகளிலிருந்து வரும் தானம். வேலை செய்பவர்கள் எல்லாம் சம்பளமில்லாத தொண்டர்கள். தலைமைச் செயலகத்தில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தலைவர், இதற்கு ஒரு நீளமான சமஸ்கிருதப் பெயர் வைத்து போர்டும் மாட்டினார். வாங்க வந்தவர்கள் ‘அரிசி ரூம்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். என் திறமைக்காகத்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சாலை பஜாரில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் இருபத்திரண்டு வருஷம் மேனேஜர். சரக்கு அடுக்கத் தெரியும், தமிழும் மலையாளமும் பேசத் தெரியும், சிரித்த முகத்தோடு ‘இல்லை’ என்று சொல்லத் தெரியும். கடைசியாகச் சொன்னதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

தானம் வந்த அழகைச் சொல்ல வேண்டும். டாக்டர் சொன்னார் என்று வாங்கி, நாக்கு ஒத்துக்கொள்ளாத ஓட்ஸ். உடம்பு இளைக்க வாங்கி, உடம்பு இளைக்காததால் கோபித்துக்கொண்டு கொடுத்த கீன்வா என்கிற சீமைத் தானியம். துபாயில் இருக்கும் மருமகள் கொண்டுவந்த ஆலிவ் காய் பாட்டில். சர்க்கரை போடாத பிஸ்கட். “டேட் முடிய இன்னும் நாலு நாள் உண்டு கேட்டோ, சீக்கிரம் குடுத்துடணும்” என்று வேறு சொல்லிவிட்டுப் போவார்கள், ஏதோ ஏழைகள்தான் தாமதம் செய்கிற மாதிரி. ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்காலை முடிந்த வாரம் பச்சரிசியும் வெல்லமும் சாக்குச் சாக்காக வந்து இறங்கும். அந்த மாதம் முழுக்க ஏழைகள் பாயசம் குடித்தே உயிர் வாழ வேண்டும்.

எங்களுக்கு இரண்டு விதிகள். ஒன்று, தேதி முடிந்த பொருளை யாருக்கும் கொடுக்கக் கூடாது, செயலாளர் அதை அப்புறப்படுத்த வேண்டும். இரண்டு, கமிட்டி ஆட்களும் அவர்கள் வீட்டாரும் அலமாரியிலிருந்து ஒரு பொருளும் எடுக்கக் கூடாது. இரண்டாவதை முன்மொழிந்தது யார் என்கிறீர்கள்? சாட்சாத் நானேதான். எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, நேர்மை என்ற வார்த்தையை நாலு தடவை சொன்னேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். “நாம யாரு அங்க போய் வாங்கப் போறோம்? இதுக்கெல்லாமா ஒரு சட்டம்?” என்று அவள் சிரித்தாள்.

அரிசி ரூம் திறந்த எட்டாவது மாதம் எங்கள் ஜவுளிக் கடை முதலாளி காலமானார். பிள்ளைகள் கடையை மூடி, இடத்தை மொபைல் வியாபாரத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். இருபத்திரண்டு வருஷ உழைப்பை மதித்து, மே மாத வெயிலில் எனக்கு ஒரு கம்பளிச் சால்வை போர்த்தினார்கள். சாலை பஜாரில் தெரிந்த கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். “சொல்லி அனுப்புறோம் அண்ணாச்சி” என்றார்கள். ஐம்பத்து மூன்று வயதுக்காரனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

தெருவில் கேட்டவர்களிடம், “வி.ஆர்.எஸ். வாங்கிட்டேன்” என்றேன். ஜவுளிக் கடையில் என்ன வி.ஆர்.எஸ். என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நல்ல மனுஷர்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், படிக்கிற மகள்கள் இரண்டு பேர். ரேஷன் கார்டோ வெள்ளைக் கார்டு. இங்கே வெள்ளைக் கார்டு என்றால் நீ வசதியானவன் என்று சர்க்காரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. வேலை போனதும் அதுவாக நிறம் மாறிவிடாது. மாற்றச் சொல்லி விண்ணப்பம் போடலாம். போட்டால் அந்த ஆபீஸ் கியூவில் தெருக்காரர் யாராவது பார்த்துவிடுவார்களே! அரிசி டப்பாவின் அடி தெரிய ஆரம்பித்தது. அரிசி ரூம் சாவி என் இடுப்பில் தொங்கியது.

முதலில் ஒரு ஓட்ஸ் பாக்கெட். தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. விதிப்படி நான் அதை அப்புறப்படுத்த வேண்டும். அப்புறப்படுத்தினேன், எங்கள் வீட்டு அடுக்களைக்கு. அடுத்த வாரம் கீன்வா, அதற்கடுத்த வாரம் ஆலிவ் காய். மனைவி எதுவும் கேட்காமல் ஓட்ஸில் உப்புமா கிண்டினாள், கீன்வாவில் பொங்கல் வைத்தாள். ஆலிவ் காயைப் புளிக்குழம்பில் போட்டுப் பார்த்தாள். அதைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசிக்கொள்ளவில்லை. “அப்பா, நம்ம பணக்காரங்க ஆயிட்டோமா?” என்று சின்ன மகள் கேட்டாள்.

சாக்கில் வரும் அரிசிக்குத் தேதி கிடையாது, அது காலாவதி ஆகாது. ஆகவே ஊரில் உள்ள ஆடம்பரம் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது, அரிசி மட்டும் வரவில்லை. விதியை நான் மீறவே இல்லை பாருங்கள். அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

ஆனால் பொருள்கள் காலாவதி ஆகிற வேகம் நாலு வயிற்றுக்குப் போதவில்லை. கொஞ்சம் ஒத்தாசை செய்ய வேண்டியிருந்தது. தேதி நெருங்குகிற நல்ல பாக்கெட்டுகளை எடுத்துப் பச்சரிசிச் சாக்குகளுக்குப் பின்னால் வைத்தேன். அங்கே அவை நிம்மதியாக நாள் கடத்தின. தேதி முடிந்த மறுநாள் நான் போய், “அடடா, இதை யாரும் பார்க்கலையே!” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் சொல்வேன்.

அப்படி வைத்ததில் சத்துமாவு ஐந்து பாக்கெட். கோயில் பக்கம் பூக்கட்டி விற்கிற ஒரு பெண், தென்காசிப் பக்கத்துக்காரி, இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வாராவாரம் வருவாள். அந்தச் சனிக்கிழமை மேஜை முன்னால் வந்து நின்றாள்.

“சார், அந்தச் சத்துமாவு இருக்கா? போன மாசம் குடுத்தீங்கள்ல. காய்ச்சல் வந்ததுல இருந்து பாப்பாவுக்கு வேற எதுவும் எறங்க மாட்டேங்குது. அதக் காய்ச்சிக் குடுத்தா குடிக்கா.”

“தீர்ந்துபோச்சும்மா” என்றேன், சிரித்த முகத்தோடு.

பக்கத்தில் அரிசி அளந்துகொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் மறக்காதவர். “அது அஞ்சு பாக்கெட் இருந்ததல்லோ?”

“எலி கடிச்சிட்டுது டீச்சர். தூக்கிப் போட்டாச்சு.”

அடுத்த சனிக்கிழமையும் அவள் கேட்டாள். அப்போதும் எலிதான்.

அதற்கடுத்த வாரம் மூன்று பாக்கெட்டுக்குத் தேதி முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி கஞ்சி காய்ச்சினாள். நாலு மாதத்தில் முதல் தடவையாகப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் குடித்தார்கள். மூன்றும் இரண்டு நாளில் காலி. “நல்ல சாமானா இருக்கே, இத எப்படி ஒருத்தரும் கேக்காம விட்டாங்க?” என்றாள் மனைவி.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் சாமர்த்தியம் யாருக்குமே தெரியாமல் போகிறதே என்று ஒரு ஆதங்கம். சாக்கு, எலி, பூக்காரி, டீச்சர் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் மாதிரிப் பேசியும் காட்டினேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“காய்ச்சக்காரப் பிள்ளைக்கு இல்லைன்னு சொல்லிட்டா இங்க கொண்டாந்தீங்க?”

“ரூல்படி பார்த்தா…”

“ரூலு! நாலு மாசமா டேட் போனதெல்லாம் ஆக்கிப் போட்டு வாயத் தொறக்காம இருந்தேன். எதுக்கு? உங்க கௌரவம் கெட்டுரப்பிடாதுன்னு. இதுவா கௌரவம்? இதுக்குப் பேரு களவுங்க.”

“நான் என்ன செய்யணுங்கிற? கமிட்டி ஆளு வாங்கக் கூடாது.”

“வீட்ல அரிசி இல்லைன்னு வாயத் தொறந்து சொல்லுங்க.”

“செத்தாலும் சொல்ல மாட்டேன்.”

“நீங்க சொல்லாண்டாம்” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அத்தோடு விட்டாள் என்று நினைத்தேன். இருபது வருஷம் குடும்பம் நடத்தி, அவளை நான் புரிந்துகொண்ட லட்சணம் அது.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு நிமிர்ந்து பார்த்தால், வரிசையில் நாலாவது ஆளாக என் மனைவி நிற்கிறாள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கஞ்சி போட்ட சேலை. கையில் எங்கள் பழைய கடையின் பெயர் போட்ட துணிப்பை. அவளுக்குப் பின்னால் பூக்காரப் பெண், தோளில் குழந்தை தூங்குகிறது. மனைவிக்கு முன்னால் நின்ற மூன்று பேருக்கு என்ன கொடுத்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

தலைவர்தான் முதலில் பார்த்தார். “ஓ, சேச்சியும் சேவைக்கு வந்தாச்சா! எதுக்கு கியூல நிக்கறது? இந்தப் பக்கம் வாங்க.”

“சேவைக்கு வரல சார். அரிசி வாங்க வந்தேன்.”

தலைவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. டீச்சர் அளக்கிற படியை மேஜைமேல் வைத்தார்.

“அது… ரூல் உண்டல்லோ சேச்சி. கமிட்டிக்காரர் வீட்டுக்குக் குடுக்கப் பாடில்ல. செக்ரட்டரிதானே கொண்டுவந்தது?”

“தெரியும் சார். அவங்க கமிட்டில இல்லைன்னா வாங்கலாம்லா?”

“வாங்கலாம். பட்சே, அவர் கமிட்டில இருக்காரே?”

அவள் என் பக்கம் திரும்பினாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருப்பேன். சும்மா பார்த்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ‘அவ சும்மா தமாஷ் பண்றா சார், நீ வீட்டுக்குப் போ’ என்ற வசனம் நுனிநாக்கில் தயாராக நின்றது. சொல்லியிருப்பேன். சொன்னால் அவள் போய்விடுவாள் என்றும் தெரியும், அப்புறம் என்னோடு அவள் பேச மாட்டாள் என்றும் தெரியும். அரிசி இல்லை என்பதைவிட அது எனக்குப் பயமாக இருந்தது.

“நான் ராஜினாமா பண்றேன்” என்றேன்.

“ரைட்டிங்ல வேணும்” என்றார் தலைவர். வீடு பற்றி எரிந்தாலும் விண்ணப்பம் எழுதித் தரச் சொல்கிற மனுஷர். வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தினார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “காரணத்துக்கு, ‘தனிப்பட்ட காரணங்களால்’னு போட்டா மதி, அது போதும். எல்லாரும் அப்படித்தான் போடறது” என்றார். அத்தனை நாள் நான் கேலி செய்த ஆள் எனக்கு வழிவிட்டு நின்றார். அதுதான் என்னை அழவைக்கப் பார்த்தது.

சங்கத்துக் காகிதம் எல்லாம் மலையாளத்தில்தான். நானும் மலையாளத்தில் எழுதினேன். ‘வீட்டில் அரிசி இல்லாத காரணத்தால் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்.’ கையெழுத்துப் போட்டு, சாவியை அதன்மேல் வைத்தேன். தலைவர் வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். நான் எழுந்தேன். டீச்சர் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். “வீட்டில் எத்தன பேரு?” என்று என் மனைவியிடம் கேட்டார், யாரிடமும் கேட்கிற மாதிரி.

“நாலு பேரு டீச்சர்.”

டீச்சர் அரிசி அளக்க ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல், நான் உள்ளே போய்ச் சாக்குகளை இழுத்துப் போட்டேன். பின்னால் இருந்ததை எல்லாம் அள்ளிக் கொண்டுவந்து மேஜையில் குவித்தேன். ரவை, சேமியா, பால்பொடி. மிச்சமிருந்த இரண்டு சத்துமாவு பாக்கெட்டையும் பூக்காரப் பெண்ணிடம் நீட்டினேன்.

“எலி இல்லம்மா. நான்தான் ஒளிச்சு வச்சேன். இதுக்கு இன்னும் தேதி இருக்கு.”

எழுதிக் கொடுத்தாயிற்று, சொல்லியும் ஆயிற்று, இனி மன்னிப்புதான் பாக்கி என்று மனசு கணக்குப் போட்டது. என் புத்தி அப்படி.

அவள் பாக்கெட்டை வாங்கி, தேதியைத் திருப்பிப் பார்த்தாள். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“மூணு வாரமா வெறும் கஞ்சித் தண்ணிதான் சார் குடுத்தேன்” என்றாள். “இல்லைன்னு சொன்னதுகூடப் பரவால்ல. சிரிச்சிக்கிட்டே சொன்னீங்க.”