ஹிராவுக்கு ஒரு தூக்குச் சோறு

என் அக்கா சபுராவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் தோல்வியைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. பரங்கிப்பேட்டையே சிரித்து முடித்துவிட்டது, இனி நீங்களும் சிரிக்கலாம்.

சபுரா ராத்தா இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கியவள். அவள் ஆக்கிய சோற்றைத் தின்றவர்கள் இன்றைக்குத் துபாயிலும் சிங்கப்பூரிலும் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்கு வந்தால் அவளைத் தேடி வந்து சலாம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நான் கவுஸ், அவளுக்கு ஆறு வருஷம் இளையவன். ஜித்தாவில் பதினெட்டு வருஷம் சூப்பர்வைசர். மக்காவைப் பற்றி எங்கள் தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

ராத்தா ரிட்டயரான வருஷம் பெண்களுக்கான மார்க்கச் சொற்பொழிவுக்கு, பயானுக்குப் போனாள். நபிகள் நாயகம் ஹிரா குகையில் தனித்திருந்த நாட்களில், ஐம்பத்தைந்து வயதில் கதீஜா நாயகி அந்த மலைக்குச் சோறு சுமந்து போனார்கள் என்று அங்கே சொன்னார்களாம். வீட்டுக்கு வந்தவள் புர்காவைக்கூடக் கழற்றவில்லை.

"கவுசு, நான் மக்காவுக்கு உம்ரா போறேன். அந்த மலைக்குச் சோறு எடுத்துட்டுப் போவணும்."

"முட்டி தேஞ்சிருக்குன்னு கடலூர் டாக்டரு சொன்னது மறந்துபோச்சா? கூரை ஏறிக் கோழி பிடிக்க முடியாதவன்..." என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"நீ எத்தினி தடவை ஏறியிருக்க?"

நான் ஏறியதே இல்லை. பக்கத்திலேயே இருக்கிறது, என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று பதினெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். இருமிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் மேடு என்றால் மணல்மேடுதான். மலைக்குப் பழக எங்கே போவது? அதற்கு வழி கண்டுபிடித்தவள் லோகநாயகி, ராத்தாவோடு அதே சமையல்கூடத்தில் உதவியாளராக இருந்தவள். ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு பேரும் பஸ் பிடித்துச் சிதம்பரம் போனார்கள். ரயில்வே ஸ்டேஷனில் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, மேம்பாலத்துப் படியில் ஏறி இறங்கினார்கள். எந்த ரயிலுக்கு நிற்கிறீர்கள் என்று டிக்கெட் பரிசோதகர் கேட்டாராம். "மக்காவுக்கு சார்" என்றாளாம் லோகநாயகி. என் மாடிப்படியில் பழகலாமே என்று கேட்டேன். "உங்க வூட்டுல நாலு படி ஏறுறதுக்குள்ள ஒம் பொண்டாட்டி டீயோட வந்து நிக்கிறா. அப்புறம் எங்க ஏறுறது?" என்றாள் ராத்தா.

எட்டு மாதம் இப்படி நடந்தது. முதலில் இரண்டு தடவை ஏறினாலே உட்கார்ந்துவிட்டவள் கடைசியில் முப்பது தடவை ஏறினாள். அவளுக்குத் துணையாக நானும் போவதென்று ஆனது. வழிகாட்டப் போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

மக்காவில் உம்ரா நல்லபடியாக முடிந்தது. மறுநாள் ஜியாரத்துக்கு, அதாவது புனித இடங்களைப் பார்க்க, எங்கள் குழுவை பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். அரஃபாத், மினா எல்லாம் காட்டிவிட்டு ஓரிடத்தில் பஸ் வேகத்தைக் குறைத்தது. "வலது பக்கம் பாருங்க, அதுதான் ஹிரா குகை இருக்கிற மலை" என்றார் குழுவை வழிநடத்திய மார்க்க அறிஞர் ஹஜ்ரத். எல்லோரும் ஜன்னல் வழியே செல்போனை நீட்டினார்கள். ராத்தா எழுந்து நின்றுவிட்டாள்.

"இறங்க நேரமில்லம்மா. அதுல ஏறுறது கடமையும் இல்ல" என்றார் ஹஜ்ரத்.

"கடமைன்னு யாரு சொன்னா ஹஜ்ரத்? எனக்கு ஆசை."

ஹஜ்ரத் நல்ல மனுஷர். நாளைக்கு ஓய்வு நாள்தான், தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள் என்றார். அன்று சாயங்காலமே ராத்தா எங்கள் குழுவின் சமையலறைக்குள் புகுந்தாள். சமையல்காரரை ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் புளிச்சோறு கிளறினாள். பெரிய தூக்குவாளி ஒன்று நிறைந்தது. நம் இரண்டு பேருக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். அவள் மூடியை அழுத்தி மூடினாள்.

விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு டாக்சியில் அடிவாரம் போனோம். ராத்தா துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்தாள், அதன்மேல் தூக்கை ஏற்றினாள், கையில் ஒரு கம்பு. பல தேசத்து ஜனங்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு அடி தள்ளியே நடந்தேன்.

சிதம்பரத்துப் படி ஒரே அளவு. இந்த மலையில் ஒரு படி சாண் உயரம், அடுத்தது முழ உயரம். ராத்தா அவசரப்படவில்லை. சோறு வடிக்கிற மாதிரி நிதானமாகக் கால் வைத்தாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. பாதி தூரத்தில் தண்ணீர் விற்கிற கடையருகே அவள் முட்டி சட்டென்று மடங்கியது. தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். முகம் வெளுத்துப்போயிற்று, கண்ணில் தண்ணீர்.

"போதும் ராத்தா, இறங்கிடலாம். மனசார நெனச்சு நிய்யத் வெச்சியே, அதுவே போதும். அல்லா ஏத்துக்குவான்."

அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அவுங்களுக்கு முட்டி வலிக்கலன்னு யாருடா சொன்னா?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்து அவள் எழுந்தாள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நீ உட்காரு, நான் போறேன் என்று சொல்லிவிட்டு ஏறினாள். தலையில் தூக்கோடு அவள் வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வழிகாட்ட வந்தவன் தண்ணீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மேலிருந்து இறங்கிய மலையாளி ஒருவர் என்னைப் பார்த்து, தமிழா என்று கேட்டார். "மேலே ஒரு உம்மா எல்லாரையும் லைனில் நிறுத்தி சோறு கொடுக்குது. உங்க ஆளோ?"

"எங்க ராத்தா!" என்று கத்தினேன். அப்படி ஒரு பெருமை என் நெஞ்சில் எங்கே இருந்ததென்று தெரியவில்லை. மீதி மலையைக் கையையும் ஊன்றித் தவழாத குறையாக ஏறினேன்.

உச்சியில் குகைக்குப் போகிற பாறையிடுக்கு ஓரம் தூக்கைத் திறந்து வைத்திருந்தாள். குகையில் ரெண்டு ரகாஅத் தொழுது முடித்து வந்த முகம் மினுமினுத்தது. துருக்கிக்காரர், இந்தோனேசியப் பெண்கள், நைஜீரியாக்காரர் எல்லாம் முண்டியடிக்க, அவள் கரண்டியால் மூடியைத் தட்டி, "தள்ளாதீங்க! வரிசை, வரிசை!" என்று தமிழில் அதட்டினாள். எல்லோருக்கும் புரிந்தது. ஒருவர் பின் ஒருவராக நின்று உள்ளங்கையை நீட்டினார்கள். தூரத்தில் ஹரம் பள்ளிவாசலை ஒட்டிய மணிக்கூண்டு வெயிலில் தெரிந்தது.

நான் மூச்சிரைக்க நேராக அவளிடம் போனேன். "ராத்தா, நீ ஏறிட்ட!"

அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "வரிசையில வா கவுசு."

ஆறடி உயர நைஜீரியாக்காரருக்குப் பின்னால் போய் நின்றேன். அழுகை வந்தது, அடக்கவில்லை. என் முறை வந்தபோது தூக்கின் அடியைச் சுரண்டி ஒரு கை போட்டாள். பிறகு தனக்கும் கொஞ்சம் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, வெறும் தூக்கைக் கவிழ்த்து எல்லோருக்கும் காட்டிச் சிரித்தாள். புளிச்சோற்றில் உப்பு கொஞ்சம் ஜாஸ்திதான். ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.