இரண்டு பாகத்துக்கும் ஒரே கம்பி

நாற்பதுகளில் ஒரு சாயங்காலம் சென்னையில் நிலம் லேசாக ஆடியது. சில பாத்திரங்கள் உருண்டதோடு சரி. ஆனாலும் மயிலாப்பூர் மாட வீதிகளின் பழைய செங்கல் வீடுகள் அடுத்த ஆட்டத்தைத் தாங்குமா என்று பார்த்து எழுதித் தர கார்ப்பரேஷன் இன்ஜினீயரான என்னை அனுப்பினார்கள்.

அதில் ஒரு மாடி வீட்டை அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்து, நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். மாடியின் பக்கச் சுவர்கள் இரண்டும் வெளியே சாயத் தொடங்கியிருந்தன. ஒன்றிலிருந்து மற்றதுவரை இரும்புக் கம்பி கோத்து இறுக்கினால் போதும். ஆனால் கம்பி இரண்டு பாகத்துக்குள்ளும் போகும். இருவரும் சம்மதிக்க வேண்டும்.

அண்ணன் உடனே சம்மதித்தார். தம்பி, "அவாத்துக் கம்பி எங்காத்துக்குள்ள வரப்படாது. அப்புறம் வேஷ்டி உலர்த்தறேன்னு ஆளே வந்துடுவார்," என்றார்.

"உன் வேஷ்டியையே உலர்த்திக்கோடா," என்றார் அண்ணன், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

சம்மதம் இல்லையென்றால் மாடியை இடித்து இறக்கிவிட வேண்டும் என்பது விதி. விதிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நோட்டீஸ், அவகாசம், மறு நோட்டீஸ் என்று எல்லாம் பிசகாமல் நடந்தது.

மாடி இடிந்து முடிந்த அன்று தம்பி தெருவுக்கு வந்து அண்ணன் பக்கத்தில் நின்றார்.

"சின்ன வயசுல நாம ரெண்டு பேரும் அந்த மாடிலதானே அண்ணா படுத்துண்டிருப்போம்?"

தம்பி என்னிடம் திரும்பி, "சார், இப்ப அந்தக் கம்பியைப் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

எதற்கும் விதி எண்ணோடு பதில் சொல்லும் எனக்கு, கம்பி கோக்க அங்கே சுவரே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.